ஆய்வு மென்பொருளைத் திறந்து வைப்பது எப்படி: உரிமம் முதல் நிர்வாகம் வரை

ஒரு ஆய்வுக்காக எழுதிய நிரலை "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்" என்று நல்ல மனதோடு இணையத்தில் ஏற்றிவிட்டு, உரிமம் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி விட்டவன்தான். நான் சேர்ந்து எழுதிய ஒரு சிமுலேஷன் தொகுப்பு ஆறு வருடம் உரிமக் கோப்பே இல்லாமல் ஓடியது. வேறொரு ஆய்வுக் குழு அதைத் தங்கள் தொகுப்புக்குள் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டபோதுதான் விழித்துக்கொண்டோம். அதற்குள் பதினான்கு பேர் அதில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது, இரண்டு பேரின் மின்னஞ்சல் முகவரி செத்துப் போயிருந்தது, அவர்கள் எழுதிய பகுதியை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து திரும்ப எழுத நான்கு மாதம் போனது. ஆரம்பத்தில் செய்திருந்தால் பத்து நிமிட வேலை.

அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உரிமம் என்பது இந்த மென்பொருளை யார், என்ன செய்யலாம் என்று வெளியாட்களுக்குச் சொல்வது. நிர்வாகம் என்பது உள்ளே யார், எப்படி முடிவெடுப்பார்கள் என்று சொல்வது. முதலாவதைப் பற்றியாவது கொஞ்சம் பேச்சு இருக்கிறது, இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் திட்டங்கள் நின்றுபோவது பெரும்பாலும் இரண்டாவதால்தான் என்பது என் அனுபவம்.

சொற்களைப் பற்றி ஒரு விஷயம். தமிழில் "காப்புரிமை" என்ற சொல்லைச் சிலர் நூலுக்கும் நிரலுக்கும் உள்ள உரிமைக்கும், சிலர் கண்டுபிடிப்புக்கு உள்ள உரிமைக்கும் எழுதுகிறார்கள், இதனாலேயே பாதி விவாதம் குழம்பிவிடுகிறது. இங்கே முன்னதைப் பதிப்புரிமை என்றும் பின்னதை பேட்டன்ட் என்றும் எழுதுகிறேன். இன்னொன்று, "கட்டற்ற மென்பொருள்" என்று நாம் சொல்வது மிக நல்ல சொல். காசு வாங்காமல் கொடுப்பதற்கும், கட்டுப்பாடு இல்லாமல் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. "இலவச மென்பொருள்" என்று எழுதினால் அது போய்விடும்.

படி 1: இந்த நிரல் யாருக்குச் சொந்தம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

உரிமம் எழுதாத நிரல் பொதுச்சொத்து இல்லை. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், அதாவது ஏறக்குறைய எல்லா நாடுகளிலும், எழுதிய கணமே பதிப்புரிமை தானாக வந்துவிடுகிறது. எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை. அப்படியென்றால் உரிமம் இல்லாத நிரலை மற்றவர்கள் படிக்கலாமே தவிர, நகலெடுக்கவோ மாற்றவோ மறுபடி வெளியிடவோ சட்டப்படி அனுமதி இல்லை. நாம் நினைத்ததற்கு நேர் எதிர்.

சரி, சொந்தக்காரர் யார்? "நான்தானே எழுதினேன்" என்பது போதாது. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் பல இடங்களில் உரிமை வேலை கொடுத்த நிறுவனத்துக்குப் போகும். பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த விதிகள் இருக்கும், மாணவர்களுக்கு ஒரு விதி, ஊழியர்களுக்கு வேறு விதி என்றும் இருக்கலாம். நிதி கொடுத்தவர் "திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும்" என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கலாம், அப்படிப் போட்டிருந்தால் அதைவிட நல்ல ஆயுதம் உங்களுக்குக் கிடையாது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதுவதற்கு அந்த நாட்டுக்குள் பதிப்புரிமையே இல்லை. இமேஜ்ஜே என்ற படப் பகுப்பாய்வு மென்பொருள் பொதுச்சொத்தாக இருப்பதற்கு அது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பிறந்ததுதான் காரணம்.

நிறுவனத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "இந்த நிரலை இந்த உரிமத்தில் வெளியிட விரும்புகிறோம், வணிக நோக்கம் இல்லை, ஆட்சேபம் உண்டா" என்று மூன்று வரி போதும். வந்த பதிலை ரெப்போவுக்கு, அதாவது நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு, வெளியே பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, கடன் வாங்கிய வரிகள். ஆய்வு நிரல்களில் இதுதான் பெரிய புதைகுழி. பாடப்புத்தகத்திலிருந்து தட்டச்சு செய்த ஒரு ஒருங்கிணைப்பு முறை, பழைய ஃபோர்ட்ரான் கோப்பு ஒன்று, கேள்வி பதில் தளத்திலிருந்து எடுத்த இருபது வரி. பைத்தான் மொழிக்கான அறிவியல் கணக்கீட்டுத் தொகுப்பான சைபை திட்டத்தின் பங்களிப்பு விதிகளைப் படித்தால் இது எவ்வளவு முக்கியம் என்று புரியும்: நியூமரிக்கல் ரெசிபீஸ் புத்தகத்தின் நிரல்களையும், ஏசிஎம் அமைப்பு வெளியிட்ட அல்காரிதத் தொகுப்பின் நிரல்களையும் அடிப்படையாகக் கொண்ட பங்களிப்புகளை அவர்கள் ஏற்பதில்லை, ஏனென்றால் அவற்றின் நிபந்தனைகள் திறந்த உரிமத்தோடு ஒத்துப்போகாதவை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்ள பதில்கள்கூடச் சும்மா கிடப்பவை அல்ல, கிரியேட்டிவ் காமன்ஸின் 'அதே உரிமத்தில் பகிர்' வகை உரிமத்தில் வருகின்றன. ஒரு முறையை, அதாவது கணித யோசனையை, யாரும் பதிப்புரிமைக்குள் அடைக்க முடியாது. கட்டுரையைப் படித்து உங்கள் கையால் எழுதினால் அது உங்களுடையது. அடுத்தவர் நிரலை எதிரே வைத்துக்கொண்டு மாறிகளின் பெயரை மட்டும் மாற்றினால் அது உங்களுடையது அல்ல.

படி 2: உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஆய்வுக்கு மட்டும்", "வணிகத்துக்குக் கூடாது", "பயன்படுத்தினால் எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியே தீர வேண்டும்" என்றெல்லாம் நிபந்தனை போட்டால் அது திறந்த மூல உரிமமே ஆகாது. ஓபன் சோர்ஸ் இனிஷியேடிவ் 1998ல் வகுத்த வரையறையிலேயே எந்தத் துறையில் பயன்படுத்துவது என்று பாகுபாடு காட்டக்கூடாது என்று இருக்கிறது. கொள்கையை விடுங்கள், நடைமுறையிலேயே அடி விழும்: டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் அதைத் தங்கள் முதன்மைக் களஞ்சியத்தில் சேர்க்காது, நிறுவனத்தில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர் தொடப் பயப்படுவார், மற்ற திட்டங்கள் உங்கள் நிரலைக் கலக்க முடியாது. மேற்கோள் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

இருக்கிற உரிமங்களை மூன்று குடும்பமாகப் பார்த்தால் போதும்.

முதல் குடும்பம் தாராளமானவை: எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0. பெயரையும் உரிம வாசகத்தையும் வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய், மூடிய மென்பொருளுக்குள் போட்டாலும் சரி என்பவை. பைத்தானின் அறிவியல் தொகுப்புகளான நம்பை, சைபை, பாண்டாஸ், சைகிட்-லேர்ன், ஆஸ்ட்ரோபை எல்லாம் மூன்று பிரிவு பிஎஸ்டி. ஜூலியா மொழி எம்ஐடி. அப்பாச்சி 2.0 2004ல் வந்தது, அதன் சிறப்பு பேட்டன்ட் பற்றி வெளிப்படையாகப் பேசுவது: பங்களித்தவர் தன் பங்களிப்புக்குத் தேவையான பேட்டன்ட் அனுமதியையும் சேர்த்தே தருகிறார், பயன்படுத்துபவர் இந்த மென்பொருள் தன் பேட்டன்டை மீறுகிறது என்று வழக்குப் போட்டால் அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி போய்விடும். நிறுவனங்கள் நிறையப் பங்களிக்கும் துறை என்றால் இது நல்ல காவல்.

இரண்டாவது காப்பிலெஃப்ட், அதாவது ஜிபிஎல். மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் மூல நிரலோடு கொடு என்பது. ஆர் மொழி 1995ல் ஜிபிஎல்லில் வெளியானது, இன்றும் அப்படியே இருக்கிறது. குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ, லாம்ப்ஸ், குனூ ஆக்டேவ், சேஜ் எல்லாம் இந்தப் பக்கம்தான். இதைப் பற்றி ஆய்வாளர்களிடம் ஒரு தேவையில்லாத பயம் இருக்கிறது. ஜிபிஎல் நிரலை ஓட்டி வந்த முடிவுகளுக்கு ஜிபிஎல் ஒட்டிக்கொள்ளாது, கட்டுரை வெளியிட்டால் நிரலையும் கொடுக்க வேண்டும் என்று ஜிபிஎல் சொல்வதில்லை, உங்கள் ஆய்வகத்துக்குள் மாற்றி வைத்துக்கொண்டால் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கடமை தொடங்குவது நிரலை வெளியே கொடுக்கும்போது மட்டும். வலைவழிச் சேவையாக ஓட்டினாலும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் அதற்கு ஏஜிபிஎல் தனியாக இருக்கிறது.

மூன்றாவது நடுவில் நிற்பவை, எல்ஜிபிஎல், மொசில்லா உரிமம் 2.0. நூலகத்தில், அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் தொகுப்பில், செய்த மாற்றத்தைத் திருப்பிக் கொடு, ஆனால் நூலகத்தைப் பயன்படுத்தும் உன் நிரல் உன்னோடு இருக்கட்டும் என்பவை. மூலக்கூறு சிமுலேஷனுக்கான குரோமாக்ஸ் முதலில் ஜிபிஎல்லில் இருந்து 4.6 பதிப்பிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாறியது. ஐகன் என்ற நேரியல் இயற்கணித நூலகம் 2012ல் எல்ஜிபிஎல்லில் இருந்து மொசில்லா உரிமத்துக்குப் போனது. ஐகன் முழுக்க ஹெடர் கோப்புகளால் ஆனது, அதாவது பயன்படுத்துபவரின் நிரலுக்குள்ளேயே கலந்துவிடும், தனி நூலகத்தை நிரலோடு கோர்க்கும் 'இணைப்பு' என்ற சொல்லைச் சுற்றி எழுதப்பட்ட எல்ஜிபிஎல் அதற்குச் சரியாகப் பொருந்தாமல் சந்தேகங்களைக் கிளப்பிக்கொண்டே இருந்தது.

எதை எடுப்பது? என் பதில்: அக்கம்பக்கத்தைப் பாருங்கள். உரிமங்கள் ஒரு திசையில்தான் ஓடும். பிஎஸ்டி நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் எடுக்கலாம், ஜிபிஎல் நிரலை பிஎஸ்டி திட்டத்துக்குள் எடுத்தால் மொத்தமும் ஜிபிஎல் ஆக வேண்டும். அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3ல் சேர்க்கலாம், ஜிபிஎல் 2 மட்டும் என்று இருக்கும் திட்டத்தில் சேர்க்க முடியாது. இந்தத் திசை எவ்வளவு தூரம் ஒரு துறையின் அமைப்பையே தீர்மானிக்கிறது என்பதற்கு எஃப்எஃப்டிடபிள்யூ நல்ல எடுத்துக்காட்டு. ஃபூரியர் உருமாற்றத்துக்கு இருப்பதிலேயே வேகமான நூலகங்களில் ஒன்று, எம்ஐடி நிறுவனத்தில் உருவானது, உரிமம் ஜிபிஎல். மூடிய மென்பொருளில் வேண்டுமென்றால் எம்ஐடியிடம் காசு கொடுத்துத் தனி உரிமம் வாங்கலாம், மேட்லாப் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் பிஎஸ்டி உரிமத்தில் இருக்கும் நம்பை அதைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் வெகுகாலம் பழைய எஃப்எஃப்டிபேக்கை வைத்து ஓட்டிவிட்டு, 2019ல் 1.17 பதிப்பில் பிஎஸ்டி உரிமத்தில் எழுதப்பட்ட பாக்கெட்எஃப்எஃப்டிக்கு மாறினார்கள். எஃப்எஃப்டிடபிள்யூ செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை, அது தெரிந்தே எடுத்த முடிவு, அவர்களுக்கு வருமானமும் வந்தது. நீங்களும் தெரிந்தே எடுங்கள் என்பதுதான் விஷயம்.

ஆக, பைத்தான் அறிவியல் உலகில் மற்ற தொகுப்புகள் உங்களை அடித்தளமாக வைத்துக் கட்ட வேண்டும் என்றால் மூன்று பிரிவு பிஎஸ்டி. பேட்டன்ட் கவலை இருந்தால் அப்பாச்சி. கடைசியில் பயனர் கையில் ஓடும் முழு மென்பொருள், யாரோ மூடிவைத்து விற்றுவிடக்கூடாது என்று மனசு சொன்னால் ஜிபிஎல் 3, தயங்காமல் போடுங்கள். ஆவணங்களுக்கும் பாடங்களுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0, தரவுக்கு எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி0. நிரலுக்கு மட்டும் கிரியேட்டிவ் காமன்ஸைப் போடாதீர்கள், அந்த அமைப்பே அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்கிறது.

இதெல்லாம் வெறும் காகிதம், நீதிமன்றத்தில் நிற்குமா என்று ஒருவர் கேட்பார். நிற்கும். மாடல் ரயில்களை இயக்கும் ஒரு திறந்த மென்பொருள் தொடர்பான ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில், 2008ல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், திறந்த உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே கருதப்படலாம் என்று தீர்ப்பளித்தது. காசு வாங்கவில்லை என்பதற்காக உரிமம் வலுவிழப்பதில்லை.

படி 3: கோப்புகளைச் சரியாக வையுங்கள்

இது சின்ன வேலை. உரிமத்தின் முழு வாசகமும் ரெப்போவின் வேர் அடைவில் தனிக் கோப்பாக இருக்க வேண்டும், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் உரிமத்தின் பெயரைக் கணினியும் படிக்கும்படி சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி ஒன்று, கோப்பு தனியாகப் பிரிந்து எங்கேயாவது போனாலும் உரிமம் கூடவே போகும். பதிப்புரிமை வரியில் ஒரு ஆளின் பெயரைப் போடுவதற்குப் பதில் "இன்ன திட்டத்தின் உருவாக்குநர்கள்" என்று போடுவது நல்லது, நம்பையும் அப்படித்தான் செய்கிறது. உள்ளே எடுத்து வைத்திருக்கும் பிறர் நிரல்களுக்கு அவரவர் உரிமத்தோடு ஒரு பட்டியல்.

அப்புறம் மேற்கோள். சைட்டேஷன் சிஎஃப்எஃப் என்ற கோப்பு ஒன்றைச் சேர்த்தால் நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பின் பக்கத்திலேயே மேற்கோள் காட்டும் பொத்தான் வந்துவிடும். செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ காப்பகத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் வாங்கலாம். உரிமத்தில் கட்டாயப்படுத்துவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. எப்படி மேற்கோள் காட்டுவது என்று தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், மனமில்லாமல் அல்ல.

படி 4: உள்ளே வரும் பங்களிப்புகளுக்கு வழி வகுங்கள்

வெளியே போகும் உரிமத்தை எழுதிவிட்டோம். உள்ளே வருவதற்கு? மூன்று வழி. ஒன்று, எந்த உரிமத்தில் வெளியே போகிறதோ அதே உரிமத்தில் உள்ளே வருகிறது என்று சொல்லிவிடுவது. கிட்ஹப்பின் சேவை விதிகளிலேயே இது இயல்புநிலையாக இருக்கிறது. இரண்டு, டிசிஓ எனப்படும் சான்றுறுதி, லினக்ஸ் கெர்னல் 2004ல் கொண்டு வந்தது: பங்களிப்பவர் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்திலும், "இதைத் தர எனக்கு உரிமை உண்டு" என்று கையொப்ப வரி சேர்க்கிறார். மூன்று, சிஎல்ஏ, அதாவது பங்களிப்பாளர் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது.

ஆய்வுத் திட்டத்துக்கு முதல் வழியே பெரும்பாலும் போதும், கூடுதல் கவனம் வேண்டுமென்றால் டிசிஓ. சிஎல்ஏவை நான் பரிந்துரைப்பதில்லை. பல சிஎல்ஏக்கள் ஒரே ஒரு நிறுவனத்துக்கு நாளை உரிமத்தை மாற்றும் அதிகாரத்தைக் கொடுக்கின்றன, ஒரு முனைவர் பட்ட மாணவர் சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு பிழையைத் திருத்தி அனுப்பும்போது அவரிடம் வழக்கறிஞர் மொழியில் நான்கு பக்கம் நீட்டினால் அவர் திரும்பி வர மாட்டார்.

உரிமத்தை மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதும் இங்கேதான் இருக்கிறது. பங்களித்த ஒவ்வொருவரும் தங்கள் வரிகளுக்குப் பதிப்புரிமை வைத்திருக்கிறார்கள். தாராள உரிமத்திலிருந்து கடினமானதற்குப் போவது சுலபம், மறுதிசையில் போக எல்லோரும் ஒப்ப வேண்டும். அதனால் முதல் வெளியாள் பங்களிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

படி 5: யார் முடிவெடுப்பார்கள் என்று எழுதுங்கள்

இதுவரை சொன்னதை ஒரு வார இறுதியில் முடிக்கலாம். இது அப்படியல்ல.

எல்லாத் திட்டமும் ஒருவரிடம்தான் தொடங்குகிறது, அவர் சொன்னதுதான் முடிவு, அதில் தப்பே இல்லை. ஐந்து பேர் இருக்கும் திட்டத்துக்குத் தேர்தல் நடத்துவது நேர விரயம். ஆனால் அந்த ஒருவர் எத்தனை நாள் இருப்பார்? மேட்பிளாட்லிப்பை உருவாக்கிய ஜான் ஹன்டர் 2012 ஆகஸ்டில் புற்றுநோய் சிகிச்சையின் சிக்கல்களால் இறந்தார், அப்போது அவருக்கு வயது 44. உலகம் முழுக்க ஆய்வுக்கட்டுரைகளின் வரைபடங்கள் அந்த நூலகத்தால்தான் வரையப்பட்டுக்கொண்டிருந்தன. அந்தத் திட்டம் பிழைத்தது, ஏனென்றால் பொறுப்பெடுக்க அறிந்த ஆட்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். பைத்தான் மொழியில் வேறு விதம்: நிரலுக்குள் மதிப்பேற்றும் ஒரு புதிய குறியீட்டைச் சுற்றி எழுந்த சண்டையில் களைத்துப் போய், 2018 ஜூலையில் அந்த மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் தலைமையை விட்டு விலகினார், அடுத்தவர் யார், எப்படி என்று எதுவும் சொல்லாமல். எந்த முறையில் நிர்வகிப்பது என்பதற்கே பல முன்மொழிவுகள் எழுதி வாக்கெடுத்து, கடைசியில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி: ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் அந்த ஐவரில் இருக்கக்கூடாது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுத் திட்டங்களில் "நிறுவனம்" என்ற இடத்தில் "ஆய்வகம்" என்று போட்டுக்கொண்டால் போதும்.

நம்பையின் கதை இன்னும் நெருக்கமானது. 2011ல் தரவில் விடுபட்ட மதிப்புகளை எப்படிக் கையாள்வது என்று பெரிய விவாதம் எழுந்தது. புள்ளியியல் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று வேண்டும், சில மதிப்புகளை மறைத்து வைக்கும் 'முகமூடி' எண்வரிசைகளைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறொன்று வேண்டும். கருத்து ஒருமிக்கும் முன்பே ஒரு வடிவம் எழுதப்பட்டு மூலக் கிளையில் சேர்ந்துவிட்டது, பிறகு 1.7 வெளியாகும் முன் அது அகற்றப்பட்டது. திறமையான ஒருவரின் பல மாத உழைப்பு. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, எப்போது "முடிவாகிவிட்டது" என்று சொல்வதற்கு ஒரு முறை இல்லாததுதான் கோளாறு. இன்று நம்பையின் நிர்வாக ஆவணம் பேசித் தீர்த்து ஒருமித்த கருத்துக்கு வருவதையே இயல்பான வழியாக வைக்கிறது, குழுவின் தலையீடு கடைசிக் கதவு. பெரிய மாற்றங்களுக்கு முன்மொழிவு ஆவணம் எழுத வேண்டும். பைத்தானின் பெப், நம்பையின் நெப், ஆஸ்ட்ரோபையின் ஏப் எல்லாம் ஒரே மரபுதான்.

ஒருமித்த கருத்து என்றால் எல்லோரும் கைதூக்குவது அல்ல. முன்மொழிவை வெளிப்படையாக வைத்து, குறிப்பிட்ட நாட்கள் காத்திருந்து, காரணத்தோடு கூடிய எதிர்ப்பு தீராமல் நிற்கவில்லை என்றால் நிறைவேறியதாக எடுத்துக்கொள்வது. காரணம் சொல்லாமல் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது தடை ஆகாது. மௌனம் சம்மதமாக எண்ணப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கடைசியில் சொன்னால் ஏமாற்றியது போல் இருக்கும்.

சிறிய திட்டத்துக்கு இவ்வளவு பெரிய கட்டமைப்பு வேண்டாம். இப்படி ஒரு பத்தி போதும், எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"இந்தத் திட்டத்துக்கு மூன்று பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள், பெயர்கள் கீழே. சாதாரண மாற்றங்களை எழுதியவரைத் தவிர ஒரு பராமரிப்பாளர் பார்த்து ஏற்கலாம். இடைமுகத்தை உடைக்கும் மாற்றம், உரிம மாற்றம், புதிய சார்பு நூலகம் ஆகியவற்றுக்கு எழுத்தில் முன்மொழிவு வைத்து பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். தீராத கருத்து வேறுபாட்டில் பராமரிப்பாளர்கள் வாக்களிப்பார்கள், பெரும்பான்மை முடிவு. ஆறு மாதம் தொடர்ந்து பங்களித்தவரை எந்தப் பராமரிப்பாளரும் புதிய பராமரிப்பாளராக முன்மொழியலாம். ஒரு வருடம் செயல்படாதவர் ஓய்வுபெற்ற பராமரிப்பாளர் பட்டியலுக்கு நகர்த்தப்படுவார், கேட்டால் திரும்பி வரலாம். இந்த ஆவணத்தை மாற்றவும் அதே பதினான்கு நாள்."

இதில் எல்லோரும் விட்டுவிடும் வரி எது தெரியுமா? ஓய்வு பெறுவது பற்றியது. முனைவர் பட்டம் முடித்து வேறு துறைக்குப் போனவர் குற்ற உணர்வோடு பெயரை மட்டும் விட்டுவைத்திருப்பார், அவருடைய ஒப்புதலுக்காக இரண்டு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். கௌரவமாக விலக ஒரு வழி இருந்தால் அவருக்கும் நல்லது, திட்டத்துக்கும் நல்லது.

பெரிதாக வளர்ந்த பிறகு இதை மாற்றத் தயங்காதீர்கள். ஜூப்பிட்டர் திட்டம் ஃபெர்னாண்டோ பெரேஸ் தலைமையில் தனிமனித இறுதிமுடிவு முறையில் வளர்ந்து, 2022ல் அதைக் கலைத்து, நிர்வாகக் குழு ஒன்று, மென்பொருள் வழிநடத்தும் குழு ஒன்று என்று அதிகாரத்தைப் பிரித்துக்கொண்டது. தலைவரே விரும்பி அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது எனக்கு மிகவும் மரியாதை தரும் விஷயம்.

நடத்தை விதிகளும் இங்கேயே சேரும். புதிதாக எழுத வேண்டாம், கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற ஆயத்த விதித்தொகுப்பை எடுங்கள். ஆனால் புகார் யாருக்குப் போகும் என்பதில் இரண்டு பேரின் பெயர் இருக்கட்டும், இருவரும் ஒரே ஆய்வகத்தில் இருக்கக்கூடாது. பேராசிரியர் மீது அவருடைய மாணவர் பேராசிரியரிடமே புகார் கொடுக்க வேண்டியிருந்தால் அந்த விதி இருந்தும் இல்லாததுதான்.

படி 6: பெயர், காசு, சாவிகள்

உரிமம் நிரலைத்தான் பிறருக்குத் தருகிறது, பெயரைத் தருவதில்லை. இது பலருக்குத் தெரியாது. ஓபன்ஃபோம் என்ற பாய்ம இயக்கவியல் மென்பொருள் ஜிபிஎல்லில் இருக்கிறது, யாரும் கிளை பிரிக்கலாம், அதாவது நகலெடுத்துத் தனியாக வளர்க்கலாம், பிரித்தும் இருக்கிறார்கள்: ஓபன்ஃபோம் அறக்கட்டளை வெளியிடும் பதிப்பு ஒன்று, இஎஸ்ஐ குழுமம் வழி வந்த பதிப்பு ஒன்று, சமூகத்தின் ஃபோம்-எக்ஸ்டென்ட் ஒன்று. ஆனால் ஓபன்ஃபோம் என்ற வணிகக்குறி ஓபன்சிஎஃப்டி என்ற நிறுவனத்திடம் இருந்தது, அந்த நிறுவனம் 2011ல் எஸ்ஜிஐக்கும் 2012ல் இஎஸ்ஐக்கும் கைமாறியபோது பெயரும் கூடவே போனது. புதிதாக வருகிற மாணவர் எந்தப் பதிப்பை நிறுவுவது என்று இன்றும் குழம்புகிறார்.

உங்கள் திட்டம் எந்த ஒரு ஆய்வகத்தையும் தாண்டி வளர்ந்துவிட்டால், பெயரையும் பணத்தையும் ஒரு பொது அமைப்பிடம் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். நம்ஃபோகஸ் 2012ல் இதற்காகவே தொடங்கியது: திட்டத்துக்குச் சட்டப்படியான உருவம் இல்லாவிட்டாலும் அதன் பெயரில் நன்கொடை வாங்கி, கணக்கு வைத்து, ஒப்பந்தம் போட்டுத் தருகிறது. நம்பை, ஜூலியா, ஆஸ்ட்ரோபை, ஸ்டான் எல்லாம் அதன் குடையின் கீழ் வந்தவை. ஆர் மொழிக்கு வியன்னாவில் ஆர் அறக்கட்டளை இருக்கிறது. ஆழ்கற்றல் மென்பொருளான பைடார்ச்சை மெட்டா 2022ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கீழ் உள்ள தனி அறக்கட்டளைக்கு மாற்றியது. சேருவதற்கு முன் நம்ஃபோகஸ் போன்ற அமைப்புகள் கேட்கும் முதல் விஷயங்களில் ஒன்று நிர்வாக ஆவணம், அதாவது படி 5. அது இல்லாமல் இங்கே வர முடியாது.

சாவிகள் என்று நான் சொல்வது இணையப் பெயர், தொகுப்பு வெளியிடும் கணக்கு, கிட்ஹப் அமைப்பின் உரிமையாளர் பொறுப்பு, தானியங்கிச் சோதனைகளின் ரகசியக் குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பேர், வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து. தனிப்பட்ட கணக்கில் கிடக்கும் ரெப்போவை இன்றே அமைப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் பதிவு செய்த கணக்கு, அங்கிருந்து விலகிய பிறகு அந்த முகவரியோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும், கடவுச்சொல்லை மீட்கும் கடிதம்கூட வந்து சேராது.

படி 7: நிறுத்துவதையும் எழுதி வையுங்கள்

நிதி முடியும். ஆள் மாறுவார்கள். அது தோல்வி இல்லை, ஆய்வு மென்பொருளின் இயல்பே அதுதான். ஆழ்கற்றலில் முன்னோடியான தியானோ என்ற மென்பொருளின் உருவாக்கத்தை 2017ல் மாண்ட்ரியல் குழு நிறுத்துவதாக வெளிப்படையாக அறிவித்தது. அதை நம்பியிருந்த பைஎம்சி என்ற புள்ளியியல் தொகுப்பின் குழுவினர் கிளை பிரித்துத் தொடர்ந்தார்கள், அது எய்சாரா ஆனது, பின்னர் அதிலிருந்து பைடென்சர் பிரிந்து இன்றும் நடக்கிறது. இது சாத்தியமானதற்குக் காரணம் தியானோ பிஎஸ்டி உரிமத்தில் இருந்ததும், நிறுத்துகிறோம் என்று அவர்கள் தெளிவாகச் சொன்னதும். இரண்டும் வேண்டும். உரிமம் இருந்து அறிவிப்பு இல்லாமல் போனால், யாராவது வந்து பார்ப்பார்கள் என்று நூறு பேர் பதில் இல்லாத இஷ்யூக்களின், அதாவது பிழைப் புகார்களின், கீழ் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே நிர்வாக ஆவணத்தின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: எல்லாப் பராமரிப்பாளர்களும் ஆறு மாதம் பதில் சொல்லாவிட்டால் கட்டுப்பாட்டை யார் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம். நிறுத்த முடிவு செய்தால் ரீட்மீயின் முதல் வரியில் தேதியோடு எழுதுங்கள், மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லுங்கள், கடைசி வெளியீட்டை ஜெனோடோவில் சேமித்துவிட்டு ரெப்போவைப் படிக்க மட்டும் என்று மாற்றுங்கள். எங்கள் தொகுப்பில் இந்த வரியைப் போன மாதம்தான் சேர்த்தோம், பதினான்கு நாள் காத்திருந்து, மூன்று பராமரிப்பாளர்களும் ஒப்புக்கொண்டு.